மின்னழுத்தம் சொல்லும் செய்தி

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

உடலைக் கீறிப் பார்க்காமல், மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து நாடித் துடிப்பைக் கொண்டே நோயின் குறிப்பை அறிந்த வைத்தியர்கள் நம் நாட்டில் இருந்தனர் என்று பெரியோர் கூறக் கேட்டிருக்கிறோம். மின்சாரத்திற்கும் அவ்வாறே ஒரு நாடி உண்டு. அதுவே மின்னழுத்தம். மின்கம்பத்தில் ஏறாமலும், மின்மாற்றியைத் திறந்து பாராமலும், நம் வீட்டுச் சுவரில் உள்ள பிளக் துளையில் மின்னழுத்தம் எவ்வளவு என்று நாள்தோறும் கவனித்தால், தெருவில் ஓடும் கம்பியின் நலத்தையும் நோயையும் பெருமளவு அறிந்துகொள்ளலாம்.

“கரண்ட் போய்விட்டது”, “லோ வோல்டேஜ்” என்னும் இரு சொற்களையே நாம் வழக்கமாகச் சொல்லி முடித்துவிடுகிறோம். காய்ச்சல் என்ற ஒரே சொல்லுக்குள் பல நோய்கள் மறைந்திருப்பதுபோல, இவ்விரு சொற்களுக்குள்ளும் பல காரணங்கள் மறைந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்தறிவது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

வோல்ட் என்பது யாது?

உயரத்தில் உள்ள தொட்டியிலிருந்து குழாய் வழியே நீர் இறங்குகிறது. தொட்டி உயர உயர, நீரின் அழுத்தம் மிகும். அதுபோல மின்னோட்டத்தைக் கம்பியில் செலுத்தும் அழுத்தமே மின்னழுத்தம் ஆகும். இதனை வோல்ட் என்னும் அலகால் அளக்கிறோம். இத்தாலி நாட்டின் கோமோ நகரில் 1745-ஆம் ஆண்டு பிறந்த அலெசாந்திரோ வோல்டா என்பவர் 1800-இல் முதல் மின்கல அடுக்கைப் பற்றி உலகுக்கு அறிவித்தார். 1881-இல் பாரிஸ் மாநகரில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு, அவர் நினைவாக இவ்வலகுக்கு வோல்ட் என்ற பெயரை ஏற்றுக்கொண்டது.

நம் வீட்டுக்கு வருவது மாறுதிசை மின்சாரம். அது அலைபோல் ஏறி இறங்கி, ஒரு வினாடிக்கு 50 முறை முழுச் சுற்று சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் ஒரு வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு. 230 வோல்ட் என்று நாம் சொல்லும்போது, அலையின் உச்சி உண்மையில் ஏறத்தாழ 325 வோல்ட் வரை செல்கிறது. அப்படியானால் 230 என்பது எங்கிருந்து வந்தது? 230 வோல்ட் நேர்திசை மின்சாரம் ஓர் அடுப்பில் எவ்வளவு வெப்பம் தருமோ, அவ்வளவு வெப்பத்தைத் தரும் மாறுதிசை மின்சாரத்தையே 230 வோல்ட் என்று அழைக்கிறோம். வோல்ட்மீட்டர் காட்டுவதும் இந்தப் பயனுறு மதிப்பையே.

மின்சாரம் வரும் வழி

மின்நிலையத்தில் பிறக்கும் மின்சாரம் மிக உயர்ந்த அழுத்தத்தில் நெடுந்தொலைவு பயணம் செய்து துணைமின்நிலையத்தை அடைகிறது. அங்கிருந்து 11,000 அல்லது 22,000 வோல்ட் அழுத்தத்தில் ஊருக்குள் வருகிறது. தெருமுனையில் இரு கம்பங்களுக்கிடையே நிற்கும் டிரான்ஸ்பார்மரை அனைவரும் பார்த்திருப்பீர்கள். அது இந்த அழுத்தத்தைக் குறைத்து, மூன்று பேஸ் கம்பிகளிலும் ஒரு நியூட்ரல் கம்பியிலும் அனுப்புகிறது. ஒரு பேஸ் கம்பிக்கும் மற்றொரு பேஸ் கம்பிக்கும் இடையே சுமை இல்லாதபோது 433 வோல்ட் இருக்கும்படி இந்த டிரான்ஸ்பார்மர்கள் செய்யப்படுகின்றன. அப்படியானால் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 250 வோல்ட் வரும்.

230 போதுமே, 250 எதற்கு என்று கேட்கலாம். கம்பியும் ஒரு மின்தடை அன்றோ? மின்னோட்டம் ஓடும்போது வழியிலேயே சிறிது அழுத்தம் செலவாகிவிடும். அந்த வழிச்செலவையும் சேர்த்தே டிரான்ஸ்பார்மர் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கிறது. சிறிய வீடுகளுக்கு ஒரு பேஸும் நியூட்ரலும் மட்டுமே வரும். பள்ளி, ஆலை, பம்பு செட்டு போன்றவற்றுக்கு மூன்று பேஸும் வரும்.

அளவு எங்கே கடந்தால் நோய்? 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள், தாழ்வழுத்த மின்சாரம் அறிவிக்கப்பட்ட அளவிலிருந்து 6 விழுக்காட்டுக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்று வரையறுத்தன. 230 வோல்ட்டுக்கு இதைக் கணக்கிட்டால் 216 முதல் 244 வரை வருகிறது. இந்த அளவுகோலையே நாமும் கொள்வோம்.

முதற்குறி: மெல்ல இறங்கி மெல்ல ஏறுவது

எங்கள் அறிவியல் ஆசிரியையின் மேற்பார்வையில், பிளக்கில் செருகியவுடன் வோல்ட்டை எண்ணாகக் காட்டும் சிறு கருவி ஒன்றை ஆய்வுக்கூடத்தில் வைத்து, பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் ஒரு வாரம் குறிப்பெடுத்தோம். பகலில் நாங்களும், காலையிலும் இரவிலும் விடுதி மாணவியரும் பார்த்து எழுதினோம். ஒரு நாளின் குறிப்பு இது: காலை 6 மணிக்கு 238 வோல்ட், முற்பகல் 11 மணிக்கு 228, மாலை 4 மணிக்கு 231, இரவு ஏழரை மணிக்கு 209. மற்ற நாள்களிலும் இரண்டு மூன்று வோல்ட் வேறுபாட்டுடன் இதே போக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் மட்டும் 235 இருந்தது. கடைகளும் பட்டறைகளும் அன்று மூடியிருந்தன.

இதன் காரணத்தை அறிய, எங்கள் பாடநூலில் உள்ள ஓம் விதியே போதும். டிரான்ஸ்பார்மரிலிருந்து நம் இடம்வரை கம்பி சென்று திரும்பும் வழியின் தடை அரை ஓம் என்று வைத்துக்கொள்வோம். அக்கம்பியில் 20 ஆம்பியர் ஓடினால் 10 வோல்ட் வழியில் குறையும். 60 ஆம்பியர் ஓடினால் 30 வோல்ட் குறையும். இரவு ஏழரைக்கு எல்லா வீடுகளிலும் விளக்கு, மிக்சி, குளிர்சாதனம் யாவும் ஓடுவதால் மின்னோட்டம் மிகுந்து, அழுத்தம் குறைகிறது. எனவே, மெல்ல இறங்கி மெல்ல ஏறும் மின்னழுத்தம் சுமையின் அடையாளம்.

ஆனால் எங்கள் ஆசிரியை இத்துடன் விடவில்லை. “சுமை யாருடையது? நம் பள்ளியுடையதா, தெருவினுடையதா?” என்று கேட்டார். இதற்கு விடை காண மேலும் இரண்டு சோதனைகள் செய்தோம். எங்கள் பள்ளிக்கு மூன்று பேஸ் வருகிறது. ஆய்வுக்கூடம் ஒரு பேஸிலும், சமையற்கூடம் ஒன்றிலும், விடுதி மற்றொன்றிலும் உள்ளன. அதே இரவு ஏழரை மணிக்கு மூன்று இடங்களிலும் அளந்தோம். ஆய்வுக்கூடத்தில் 209, விடுதியில் 232, சமையற்கூடத்தில் 235. மூன்றும் ஒரே டிரான்ஸ்பார்மரின் பிள்ளைகள். ஒன்று மட்டும் வாடியிருப்பது ஏன்? அந்தப் பேஸில் மட்டும் சுமை கூடுதலாக இருக்க வேண்டும். அடுத்து, இரவில் ஆய்வுக்கூடப் பேஸில் எங்கள் பள்ளியில் எரிவது நடைவழி விளக்குகள் இரண்டு மட்டுமே. அவற்றை அணைத்துப் பார்த்தபோதும் 209 அப்படியே நின்றது. ஆகவே சுமை எங்களுடையது அன்று, தெருவினுடையது என்று தெரிந்தது.

இக்குறிப்புகளைப் பட்டியலாக எழுதி, தலைமையாசிரியைச் சகோதரியின் கடிதத்துடன் உரிய அலுவலகத்தில் கொடுத்தோம். ஊழியர்கள் வந்து கம்பத்தில் அளந்து பார்த்தனர். தெருவின் புதிய இணைப்புகள் பலவும் ஒரே பேஸில் சேர்ந்திருந்தன. சிலவற்றை மற்ற பேஸ்களுக்கு மாற்றிய பிறகு, இரவு ஏழரை மணி அளவு 222-க்கு உயர்ந்தது. புதுக் கம்பியோ புது டிரான்ஸ்பார்மரோ தேவைப்படவில்லை. “லோ வோல்டேஜ்” என்று நூறு முறை வாயால் சொன்னதைவிட, நேரமும் எண்ணும் எழுதிய ஒரு தாள் விரைவில் பேசியது.

இரண்டாங்குறி: சட்டென மங்கித் தெளிவது

சில வேளைகளில் விளக்கு ஒரு கணம் மங்கி, உடனே தெளிகிறது. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, அருகில் ஒரு பெரிய மோட்டார் கிளம்புவது. மோட்டார் ஓடத் தொடங்கும் கணத்தில், வழக்கமாக இழுப்பதைப்போல ஐந்து ஆறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அந்தக் கணத்தில் கம்பியின் வழிச்செலவும் அத்தனை மடங்காகும். மற்றொன்று, தொலைவில் எங்கேனும் மரக்கிளை கம்பியில் உரசுவது போன்ற பழுது. பழுதான கம்பி பெரும் மின்னோட்டத்தை இழுப்பதால், அதே துணைமின்நிலையத்திலிருந்து செல்லும் மற்றக் கம்பிகளிலும் அழுத்தம் குறைகிறது. அடுத்த கணமே துணைமின்நிலையத்தின் காப்புச் சாதனம் பழுதான கம்பியைத் துண்டித்துவிடுகிறது. அந்தக் கம்பியைச் சேர்ந்த ஊர் இருண்டுபோகும். நம் ஊர் விளக்கோ மங்கித் தெளியும். நம் வீட்டு விளக்கின் ஒரு சிமிட்டல், ஐந்தாறு கிலோமீட்டருக்கு அப்பால் யாரோ இருளில் இருப்பதன் செய்தியாக இருக்கலாம்.

காரணம் உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று அறிய மின்பொறியாளர்கள் எளிய வழி ஒன்றைக் கையாளுகின்றனர். மின்னழுத்தத்துடன் மின்னோட்டத்தையும் சேர்த்து அளப்பதே அது. அழுத்தம் குறையும் அதே கணத்தில் நம் கட்டடத்தின் மின்னோட்டம் சட்டெனக் கூடினால், காரணம் நம்மிடம் உள்ளது. அழுத்தம் குறையும்போது நம் மின்னோட்டம் கூடவில்லை என்றால், காரணம் வெளியே உள்ளது. எங்கள் பள்ளியின் நீரேற்று மோட்டார் கிளம்பும்போது 5 வோல்ட் குறைவதையும், அப்போது மின்னோட்டம் எகிறுவதையும் ஆசிரியை கருவியில் காட்டினார். அந்தக் குற்றத்தைத் தெருவின்மேல் சுமத்த இயலாது.

மூன்றாங்குறி: ஒன்று ஏற ஒன்று இறங்குவது

இதுவே மிகவும் அபாயமான குறி. தாய்மார்கள் இப்பகுதியைக் கருத்தூன்றிப் படிக்குமாறு வேண்டுகிறோம்.

சென்ற மழைக்காலத்தில் எங்கள் தோழி ஒருத்தியின் தெருவில் ஒரு மாலை வேளையில் சில வீடுகளில் விளக்குகள் மங்கி, மின்விசிறிகள் நின்றுபோயின. எதிர்வரிசையிலோ விளக்குகள் பளீரென எரிந்தன. சிறிது நேரத்தில் அங்கே தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றும், குளிர்பதனப் பெட்டி ஒன்றும் கருகிப் புகைந்தன. எந்த வீட்டிலும் பியூஸ் போகவில்லை. தோழியின் தாயார் மெயின் சுவிட்சை அணைத்து, அக்கம்பக்கத்தாரையும் அணைக்கச் சொன்னதால் மற்ற வீடுகள் தப்பின. கம்பத்தில் நியூட்ரல் கம்பியின் இணைப்பு துருவேறி விலகியிருந்தது என்று பின்னர் தெரிந்தது.

இது எப்படி நிகழ்கிறது? நியூட்ரல் கம்பி நல்ல நிலையில் இருக்கும்வரை ஒவ்வொரு வீடும் தன் பேஸிலிருந்து 230 வோல்ட்டைத் தனித்தனியே பெறுகிறது. நியூட்ரல் அறுந்ததும், வெவ்வேறு பேஸில் உள்ள இரண்டு வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்ததுபோல் ஆகி, இரண்டு பேஸ்களுக்கிடையே உள்ள 400 வோல்ட்டைப் பங்கிட்டுக்கொள்கின்றன. பங்கீடு சமமாக இராது. கணக்கிட்டுப் பார்ப்போம்.

முதல் வீட்டில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டி ஓடுகிறது. அதன் தடை ஏறத்தாழ 53 ஓம். இரண்டாம் வீட்டில் 100 வாட் அளவே ஓடுகிறது. அதன் தடை 529 ஓம். இரண்டும் தொடராக இணைந்தால் மொத்தம் 582 ஓம். 400 வோல்ட்டை 582-ஆல் வகுத்தால் 0.69 ஆம்பியர். அந்த மின்னோட்டத்தில் முதல் வீட்டுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 36 வோல்ட். இரண்டாம் வீட்டுக்கு 364 வோல்ட்! சிக்கனமாக ஒரு விளக்கும் தொலைக்காட்சியும் மட்டும் போட்டிருந்த வீட்டுக்கே கேடு வருகிறது.

பியூஸ் ஏன் காக்கவில்லை? பியூஸ் காவல் காப்பது மின்னோட்டத்தை மட்டுமே. இங்கே ஓடுவது ஓர் ஆம்பியருக்கும் குறைவு. காவற்காரன் பார்க்கும் வாயிலில் திருடன் வரவில்லை. இந்தப் பழுதைக் காட்டிக்கொடுப்பது மின்னழுத்தம் ஒன்றே.

ஆகவே, சில வீடுகளில் விளக்கு மங்கியும் சில வீடுகளில் மிகப் பிரகாசமாகவும் எரிந்தால், அல்லது கருவி 260, 280 என்று ஏறினால், செய்ய வேண்டுவது: உடனே மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும், அண்டை வீட்டாருக்குச் சொல்ல வேண்டும், மின்வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும், ஊழியர் வந்து சரிசெய்தோம் என்று சொல்லும்வரை மீண்டும் போடக் கூடாது. அந்நேரத்தில் மின்சாதனங்களின் உலோகப் பகுதியைத் தொடுவதும் அபாயம்.

நான்காங்குறி: ஒன்று முழுமை, இரண்டு பாதி

மூன்று பேஸ் உள்ள இடங்களில் இன்னொரு வேடிக்கையான குறி தோன்றும். ஒரு பேஸில் 230 வோல்ட் சரியாக இருக்கும். மற்ற இரண்டிலும் ஏறத்தாழப் பாதியாகிய 115 வோல்ட் இருக்கும். டிரான்ஸ்பார்மரின் 11,000 வோல்ட் பக்கத்தில் மூன்று பியூஸ்களில் ஒன்று போயிருப்பதன் அடையாளம் இது. அப்பக்கத்தில் மூன்று சுருள்கள் முக்கோணமாக இணைந்துள்ளன. ஒரு முனை அறுந்தால், ஒரு சுருளுக்கு முழு அழுத்தம் கிடைக்கும். மற்ற இரண்டு சுருள்களும் தொடராகி, மிஞ்சிய ஒரே அழுத்தத்தைப் பாதிப் பாதியாகப் பங்கிடுகின்றன.

வீட்டுப் பக்கத்துப் பியூஸ் போயிருந்தாலோ, அந்த ஒரு பேஸ் மட்டும் அற்றுப்போய், மற்ற இரண்டும் நலமாக இருக்கும். இவ்வாறு, மூன்று எண்களைப் பார்த்தே டிரான்ஸ்பார்மருக்கு மேலே பழுதா கீழே பழுதா என்று அனுபவமுள்ள லைன்மேன் சொல்லிவிடுவார்.

கண்ணுக்கு எட்டாத குறிகள்

எங்கள் சிறு கருவி கணநேர மாற்றங்களைக் காட்டாது. அதற்கு மிக வேகமாக அளந்து பதிவு செய்யும் கருவிகள் உள்ளன. மின்னழுத்தம் 90 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கி, அரைச் சுற்று முதல் ஒரு நிமிடம் வரை நீடித்தால் அதனைத் தாழ்வு என்றும், 110 விழுக்காட்டுக்கு மேல் ஏறினால் எழுச்சி என்றும், 10 விழுக்காட்டுக்கும் கீழே போனால் தடங்கல் என்றும் பொறியாளர்கள் வகைப்படுத்துகின்றனர். இடி மின்னலால் வரும் அதிர்வோ ஒரு வினாடியில் பத்து இலட்சத்தில் சில பங்குகளே நீடிக்கும். ஆயினும் ஆயிரக்கணக்கான வோல்ட் வரை எழக்கூடும். இடி இடிக்கும்போது பிளக்கைக் கழற்றச் சொல்வதன் காரணம் இதுவே.

அலையின் வடிவமும் ஒரு குறியே. தொலைக்காட்சி, கணினி, எல்.இ.டி. விளக்கு ஆகியவை மின்னோட்டத்தைச் சீராக இழுக்காமல், அலையின் உச்சியில் மட்டும் வெடுக்வெடுக்கென்று இழுக்கின்றன. அதனால் 50-இன் மடங்குகளாகிய 150, 250 போன்ற துடிப்புகள் அலையில் கலந்து அதன் வடிவம் கெடுகிறது. இவற்றுள் 150-ஆம் துடிப்பு மூன்று பேஸ்களிலிருந்தும் வந்து நியூட்ரலில் ஒன்றுசேர்ந்து அதனைச் சூடேற்றும்.

பல கண்கள் சேர்ந்து பார்த்தால்

ஒரே தெருவில் பத்து வீடுகளில் ஒரே நேரத்தில் அளந்தால் பழுதின் இடத்தையே கண்டுவிடலாம். டிரான்ஸ்பார்மரிலிருந்து ஐந்தாம் கம்பம்வரை ஒவ்வொரு கம்பத்துக்கும் ஓரிரு வோல்ட் குறைந்து, ஆறாம் கம்பத்தில் சட்டென 15 வோல்ட் குறைந்தால், ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் உள்ள ஏதோ ஓர் இணைப்பு தளர்ந்து சூடாகிறது என்பது தெளிவு. அது அறுந்து விழுவதற்கு முன்பே சரிசெய்துவிடலாம்.

இத்தகைய முயற்சி நம் நாட்டிலேயே பெரிய அளவில் நடந்திருக்கிறது. புனே நகரிலுள்ள பிரயாஸ் என்னும் தொண்டு நிறுவனத்தின் ஆற்றல் குழுவினர், பல மாநிலங்களில் வீடுகளிலும் அலுவலகங்களிலும் வயல்களிலுமாக நூற்றுக்கணக்கான இடங்களில் சிறு கருவிகளைப் பொருத்தி, நிமிடத்துக்கு ஒரு முறை மின்னழுத்தத்தைப் பதிவு செய்து, எவரும் காணும்படி வெளியிட்டனர். எந்த ஊரில் எத்தனை மணி நேரம் மின்சாரம் நின்றது, எத்தனை மணி நேரம் குறைந்து வந்தது என்பது யூகமாக இல்லாமல் எண்ணாகத் தெரிந்தது. இப்போது வரும் ஸ்மார்ட் மீட்டர்களும் மின்செலவை மட்டுமல்லாமல் மின்னழுத்தத்தையும் குறித்து அனுப்பக் கூடியவை.

ஏன் அளக்க வேண்டும்?

முன்பு எல்லா வீடுகளிலும் இழை விளக்கு எரிந்தது. மின்னழுத்தம் 80 விழுக்காடாகக் குறைந்தால் அதன் ஒளி பாதிக்கும் கீழே போய்ச் செந்நிறமாகும். பாட்டிமார் விளக்கைப் பார்த்தே “வோல்டேஜ் குறைவு, மோட்டாரைப் போடாதே” என்று எச்சரிப்பார்கள். இன்றைய எல்.இ.டி. விளக்குகளில் பெரும்பாலானவை 230 ஆனாலும் 180 ஆனாலும் ஒரே ஒளி தருகின்றன. நமக்கு நன்மைதான், ஆனால் வீட்டில் இருந்த எளிய வோல்ட்மீட்டர் மறைந்துவிட்டது.

மோட்டாருக்கோ இக்குறைவு பெருந்தீங்கு. மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால், மோட்டாரின் முறுக்கு விசை 81 விழுக்காடாகக் குறைகிறது. ஆனால் கிணற்றின் ஆழம் குறைவதில்லை. எனவே மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துத் திணறுகிறது. சூடு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறி, காயில் எரிகிறது. பயிர் வாடும் நாளில் காயில் கட்டக் காத்திருக்கும் உழவரின் துயரை, எங்களுள் கிராமத்திலிருந்து வரும் மாணவியர் நன்கு அறிவர். மருத்துவ நிலையத்தில் தடுப்பூசி மருந்தைக் குளிரில் காக்கும் பெட்டிக்கும் இதே நிலைதான்.

நாம் செய்யக்கூடியது

பிளக்கில் செருகும் சிறு வோல்ட் காட்டி ஒன்றை வீட்டில் வைக்கலாம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள், நேரம், வோல்ட், அப்போது வீட்டில் ஓடியவை, மழை அல்லது காற்று உண்டா என்னும் ஐந்து கட்டங்கள் வரைந்து, நாள்தோறும் ஒரே நேரத்தில் குறிக்க வேண்டும். ஒரு நாள் குறிப்பால் பயனில்லை. ஒரு வாரக் குறிப்பே போக்கைக் காட்டும். பக்கத்து வீட்டுத் தோழியும் குறித்தால் இன்னும் நல்லது. மல்ட்டிமீட்டரை ஆசிரியரோ மின்பணியாளரோ உடன் இல்லாமல் பிளக் துளையில் வைக்கவே கூடாது. அதன் முள்களை ஆம்பியர் அளக்கும் துளையில் செருகி வைத்துப் பிளக்கில் தொட்டால், அந்தக் கணமே பெரும் மின்னோட்டம் பாய்ந்து கருவி வெடிக்கும், கையும் கருகும்.

மின்சாரம் நமக்குக் கண்ணால் காண இயலாத பணியாள். அது வாய் திறந்து குறை கூறாது. ஆனால் அதன் அழுத்தத்தைப் பொறுமையாகக் குறித்து, ஒப்பிட்டு, ஏன் என்று கேட்டால், குறை எங்கே என்று அதுவே காட்டிக்கொடுக்கும். ஓம் விதி தேர்வில் இரண்டு மதிப்பெண் பெறுவதற்கு மட்டுமன்று. ஒரு தெருவின் விளக்குகளையும், ஓர் உழவரின் மோட்டாரையும், ஒரு வீட்டாரின் உயிரையும் காப்பதற்கும் அது உதவும் என்பதை நாம் அனைவரும் உணர்ந்து, அளந்து அறியும் பழக்கத்தை வளர்ப்போமாக!